தீட்டுக்கல்லின் பதம்: சவரக்கத்திச் சாணைக்கல்லை மதிப்பிடலும் தங்கவயல் தமிழர் கைத்தொழில் வரலாறும்

முன்னுரை

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் வாளையும் வேலையும் உளியையும் அரிவாளையும் பற்றி எழுதிய அளவிற்கு அவற்றைக் கூராக்கிய கல்லைப் பற்றி எழுதவில்லை. கத்தி கைமாறிக் கைமாறிக் காப்பாற்றப்படுகிறது. அதனைத் தீட்டிய கல்லோ தேய்ந்தபின் எறியப்படுகிறது. அல்லது வீட்டுப் படிக்கட்டில் பதிக்கப்படுகிறது. கைத்தொழில் வரலாற்றில் நாவிதர் தொழிலுக்குரிய இடம் ஏற்கெனவே குறுகியது. அத்தொழிலின் கருவிகளுள்ளும் மிகக் குறைவாக அறியப்பட்டது சவரக்கத்தித் தீட்டுக்கல் ஆகும்.

பழைய தீட்டுக்கல் ஒன்று கிடைத்தால் அதன் நிலையை எவ்வாறு மதிப்பிடுவது? அம்மதிப்பீட்டில் தொழில் செய்வோர் நோக்கும் வரலாற்றாய்வாளர் நோக்கும் எங்கு ஒன்றுபடுகின்றன, எங்கு வேறுபடுகின்றன? இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. கோலார் தங்கவயல் இதற்குரிய களமாகக் கொள்ளப்படுகிறது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லுக்குப் பெருமதிப்பு நிலவிய ஊரில், இரும்பைத் தீட்டிய கல்லின் மதிப்பு என்ன என்னும் கேள்விக்கு அங்குத் தனிப்பொருள் உண்டு.

பதம் என்னும் சொல்

தமிழில் ‘பதம்’ என்னும் சொல் பல பொருளை உணர்த்தும். சொல், பாதம், சோறு, பக்குவம், ஈரம், கூர்மை ஆகியன அவற்றுள் சில. சோறு வெந்த நிலையும் பதம். மண் உழவுக்கு ஏற்ற ஈரமும் பதம். கத்தியின் கூர்மையும் பதம். ஒரு பொருள் தன் வேலைக்கு உரிய நிலையை அடைந்திருத்தலே இவையனைத்திற்கும் அடிப்படையான கருத்து எனலாம். எனவே தீட்டுக்கல்லின் நிலையை மதிப்பிடுதலைப் ‘பதம் பார்த்தல்’ என்று வழங்குவது உவமையன்று, நேர்ப்பொருளேயாகும்.

தீட்டுதலைக் குறிக்கும் பெயர்களிலும் வேறுபாடுகள் உள்ளன. உலோகத்தை அராவும் பல்லுடைய எஃகுக் கருவி அரம். சுழலும் சக்கரமாகவோ கல்லாகவோ அமைவது சாணை. கத்தியை முன்னும் பின்னும் இழுத்துக் கூராக்க உதவுவது தீட்டுக்கல். உழவர் அரிவாளைத் தீட்டும் மரப்பலகை தீட்டுமரம். அதன்மேல் வெங்கச்சங்கல் பொடியைத் தூவித் தேய்ப்பர். தீட்டிய மரத்திலேயே கூர் பார்த்தல் என்னும் பழமொழி நன்றி கொன்றவரைச் சுட்டுவது. கத்திக்குக் கூர் தந்த மரத்திற்கும் ஒரு நன்றி உண்டு என்னும் உணர்வு அப்பழமொழிக்குள் அடங்கியுள்ளது.

நாவிதர் தம் கருவிகளை இட்டு வைக்கும் பை அடைப்பம் எனப்படும். சவரக்கத்தி, கத்தரி, சிறுகண்ணாடி, நகம் வெட்டும் கருவி ஆகியவற்றோடு கையடக்கமான தீட்டுக்கல்லும் தோல்வாரும் அப்பையில் இடம்பெறுவன. கல் கூரை உண்டாக்குகிறது. தோல்வார் அக்கூரை மழமழப்பாக்குகிறது. கல்லின்மேல் கத்தியின் வாய் முன்னாகச் செல்லும். வாரின்மேல் முதுகு முன்னாகச் செல்லும். இந்த எதிர்த்திசை இயக்கத்தை அறியாதவர் தோலை அறுத்துவிடுவர்.

இலக்கியத்தில் கருவியின் தேய்வு

சங்க இலக்கியம் மயிர் குறைக்கும் கருவியை அறிந்திருந்தது. பொருநராற்றுப்படையில் பாடினியின் காதுக்கு அக்கருவியின் கைப்பிடி உவமையாகிறது. பழகிய கண் ஒன்றே அவ்வுவமையைக் கண்டிருக்க இயலும். திருக்குறளும் அரத்தை உவமையாக்குகிறது. உட்பகையால் தேயும் குடிக்கு அரம் பட்டுத் தேயும் பொன்னும், மக்கட்பண்பில்லாதவரின் அறிவுக்கூர்மைக்கு அரத்தின் கூர்மையும் உவமைகளாகின்றன. ஒருவரின் பெருமை சிறுமைகளை அறிய அவரவர் செயலே கட்டளைக்கல் என்பதும் அந்நூலின் கருத்தாகும். பொன்னை மதிப்பிடும் கல் அறத்தை மதிப்பிடும் கல்லாக உயர்த்தப்பட்டுள்ளது. தீட்டுக்கல்லுக்கு அத்தகைய உயர்வு அங்குக் கிடைக்கவில்லை.

இருப்பினும் தேய்வைப் பற்றிய ஒரு தெளிவான அளவுகோல் புறநானூற்றில் உள்ளது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடியதாக அமைந்த 95ஆம் பாடல் இரு படைக்கலச் சாலைகளை ஒப்பிடுகிறது. ஒருபுறம் பீலி சூட்டி நெய் பூசிக் காவல் மிக்க மனையில் வைக்கப்பட்ட பளபளக்கும் படைக்கருவிகள். மறுபுறம் பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்கள். பாடலின் குறிப்புப்பொருள் வெளிப்படையானது: சிதைவு குறையன்று, வினை செய்ததன் சான்று. பழைய கருவியின் நிலையை மதிப்பிடும் எவரும் கருதத்தக்க கோட்பாடு இதுவாகும்.

குருந்தமும் பிற தீட்டுக்கற்களும்

தீட்டும் கனிமங்களுள் உலகெங்கும் அறியப்பட்ட ஒன்றின் பெயர் தமிழ்ச்சொல்லிலிருந்து சென்றது. ஐரோப்பிய மொழிகளில் ‘கொரண்டம்’ என வழங்கும் கனிமத்தின் பெயர் தமிழ்க் ‘குருந்தம்’ என்பதன் திரிபாகும். வடமொழியில் இது குருவிந்தம் எனப்படும். 1798இல் சார்லஸ் கிரெவில் இக்கல்லைப் பற்றி இலண்டன் அரசுக் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். இந்தியக் குருந்தம் பற்றித் தாமஸ் ஹாலந்து எழுதிய தனிநூல் 1898இல் வெளிவந்தது. காங்கயத்தை அடுத்த சிவன்மலைப் பகுதியின் குருந்தப் பாறைகளையும் அவர் ஆராய்ந்துள்ளார். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10; குருந்தம் 9; வெங்கச்சங்கல் 7. குருந்தத்தைப் பொடித்து அரக்கோடு சேர்த்துச் சாணை அமைப்பது இந்தியக் கல்லிழைப்போரும் ஆயுதம் தீட்டுவோரும் கையாண்ட முறையாகும்.

1890களில் அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் மின்னுலையில் சிலிக்கன் கார்பைடைச் செயற்கையாக உண்டாக்கி அதற்குக் ‘கார்போரண்டம்’ எனப் பெயரிட்டார். கார்பன், கொரண்டம் என்னும் இரண்டின் சேர்க்கை அது. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, ஆங்கிலேய நிறுவனங்களின் கூட்டோடு சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. தமிழகத்திலிருந்து கடல் கடந்த சொல் தொழிற்சாலைப் பெயர்ப்பலகையாகத் தமிழகத்திற்கே திரும்பியமை குறிப்பிடத்தக்கது.

சவரக்கத்திக்குக் குருந்தம் போன்ற முரட்டுக்கல் மட்டும் போதாது; மிக நுண்ணிய மணியுடைய கல் வேண்டும். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வீல்சாம் அருகே கிடைக்கும் மஞ்சள் நிறக் கோட்டிக்யூல் கல்லில் நுண்ணிய கார்னெட் மணிகள் செறிந்துள்ளன. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக் கல் நோவாகுலைட் எனப்படும். ‘நோவாகுலா’ என்னும் இலத்தீன்சொல்லுக்குச் சவரக்கத்தி என்றே பொருள். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் பிளினி தீட்டுக்கற்களை எண்ணெயில் இயங்குவன, நீரில் இயங்குவன எனப் பிரித்தார். உமிழ்நீரால் இயங்கும் ஒருவகை நாவிதர் கடைகளுக்கு உரியது எனவும் அவர் எழுதினார். தொழிற்கூடத்தின் கல்லைத் தனிவகையாகக் கண்ட மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்றாகும்.

நிலையை மதிப்பிடும் முறை

பழைய கல்லை மதிப்பிடுவதில் முதற்படி இனங்காணல். இயற்கைக்கல்லில் படிவரிகள், நிறத்திட்டுகள், அறுத்த தழும்புகள் காணப்படும். செயற்கைக்கல்லில் மணிகள் ஒரே சீராக இருக்கும். ஓரங்கள் அச்சில் வார்த்தவை போல் தோன்றும். நிறுவனப் பெயர் பொறிக்கப்பட்டிருத்தலும் உண்டு. நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. பல ஆண்டுகளின் எண்ணெயும் சவர்க்காரமும் இரும்புத்தூளும் எந்தக் கல்லையும் கருக்கச்செய்யும். கோட்டிக்யூல் போன்ற மெல்லிய கல் பெரும்பாலும் கரிய பலகைக்கல்லின்மேல் ஒட்டப்பட்டிருக்கும். அவ்வொட்டு நெகிழ்ந்துள்ளதா என்பதைப் பக்கவாட்டில் காணவேண்டும்.

இரண்டாவது மட்டம். சவரக்கத்தியைக் கல்லின்மேல் கிடத்தினால் அதன் முதுகும் வாயும் ஒருசேரப் படியும். தீட்டும் கோணத்தைக் கத்தியின் முதுகே தீர்மானிக்கிறது. ஆகவே கல்லின் நடுவில் பள்ளம் விழுந்தால் வாயின் முழுநீளமும் கல்லில் படியாது. கூர் சீரற்றுப் போகும். நேரான எஃகுப்பட்டை ஒன்றைக் கல்லின் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இரு மூலைவிட்டங்களிலும் வைத்து எதிர்வெளிச்சத்தில் நோக்கினால் பள்ளம் ஒளிக்கோடாகத் தெரியும். அரிவாளுக்குக் கேடு செய்யாத பள்ளம் சவரக்கத்திக்குக் கேடு செய்யும். எனவே ‘நல்ல கல்’ என்பது எவ்வேலைக்கு என்னும் கேள்வியோடு சேர்ந்த தீர்ப்பேயாகும்.

மூன்றாவது அடைப்பு. நீண்டநாள் பயன்பட்ட கல்லின் முகம் கண்ணாடிபோல் மின்னினால் அதன் மணிகளுக்கிடையே எண்ணெயும் இரும்புத்தூளும் அடைந்துள்ளன என அறியலாம். அத்தகைய கல்லில் கத்தி வழுக்கும்; பிடிக்காது. ஒரு துளி நீரை இட்டால் எண்ணெய்ப்படலம் உள்ள இடத்தில் அது உருண்டு நிற்கும். ஆனால் நீரை உறிஞ்சாமை மட்டுமே குறையாகாது. மிக நுண்ணிய இயற்கைக்கற்கள் இயல்பாகவே நீரை உறிஞ்சுவதில்லை. படலத்தையும் இயல்பையும் பிரித்தறிதல் இங்கு இன்றியமையாதது. மென்மையான தூரிகை, சவர்க்காரம், வெதுவெதுப்பான நீர் ஆகியவை போதும். கடுமையான அமிலங்களைத் தவிர்க்கவேண்டும்; ஒட்டுக்கல்லை நீரில் ஊறவைத்தலும் ஆகாது.

நான்காவது வெடிப்பு. கல்லை நனைத்து உலரவிட்டால் வெடிப்புள்ள கோடு பிற பகுதிகளைவிடப் பிந்தி உலரும். விரல்நகத்தை அக்கோட்டின் குறுக்கே இழுத்தால் தட்டுப்படும். நகம் தட்டாத கோடு பெரும்பாலும் கல்லின் இயற்கை வரியாகவே இருக்கும். தொங்கவிட்டுத் தட்டினால் வெடிப்பில்லாத கல் தெளிந்த ஒலி எழுப்பும். வெடித்த கல் மங்கிய ஒலி தரும். ஒட்டுக்கல்லுக்கு இச்சோதனை முழுதும் பொருந்தாது.

ஐந்தாவது ஓரமும் கனமும். ஓரத்தில் சிறிது உதிர்ந்த கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கிப் பயன்படுத்தலாம். முகத்தின் நடுவில் குழி விழுந்த கல் சவரக்கத்திக்கு உதவாது. புதிய உதிர்வு வெளிறித் தோன்றும். பழைய உதிர்வு கருத்து மழுங்கியிருக்கும். இவ்வேறுபாடு கல் எப்பொழுது அடிபட்டது என்பதற்குக் குறிப்பாகும். தீட்டும் அடுக்கு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதே அக்கல்லின் எஞ்சிய ஆயுளாகும்.

இறுதித் தீர்ப்பைக் கல்லின்மேல் அன்று, கத்தியின்மேலேயே காணவேண்டும். தொங்கும் தலைமயிர் ஒன்றைக் கத்தியின் வாயால் தொட்டவுடன் அது அறுபடுமாயின் கல்லும் கையும் தம் வேலையைச் செய்துள்ளன என்பது பொருள்.

இரு நோக்குகளின் முரண்

மேற்கண்ட முறைகள் கல்லைப் பயன்படுத்த விழைவோர்க்கு உரியவை. அவர்தம் நோக்கில் பள்ளம் ஒரு குறை. தட்டையான கண்ணாடியின்மேல் கார்போரண்டப் பொடியும் நீரும் இட்டுக் கல்லைத் தேய்த்தால் சிறிதுநேரத்தில் மட்டம் திரும்பும். பழம்பொருள் சேகரிப்போரும் கல்லை இவ்வாறு ‘புதுப்பித்த’ பின்னரே மதிப்புக் கூடுவதாகக் கருதுவர்.

வரலாற்றாய்வாளர் நோக்கில் அதே பள்ளம் ஒரு ஆவணம். ஒரே இடத்தில் ஆழ்ந்த பள்ளம், குறுகிய கல்லைக் கையில் பிடித்துத் தீட்டிய பழக்கத்தைச் சுட்டக்கூடும். மூலையிலிருந்து மூலைக்குச் சாய்ந்த தேய்வு, கத்தியைச் சாய்வாக இழுத்த கையின் பழக்கத்தைச் சுட்டக்கூடும். பக்கங்களில் விரல் பட்டு வழுவழுப்பான இடம், அடியில் கீறிய எழுத்து, உடைந்தபின் ஒட்டிய தடம், மரப்பெட்டியின் உராய்வு ஆகியன எழுத்தில் பதிவுபெறாத ஒருவர் வாழ்வின் எச்சங்கள். எழுதப்படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட தொழிற்குடியினரின் வரலாற்றில் இத்தகைய எச்சங்களின் மதிப்பு மிகப்பெரிது. மட்டப்படுத்தும் சிறிதுநேரத்தில் அவ்வளவும் நீரோடு கரைந்துவிடும்.

ஆயினும் ஆவணம் என்பதற்காகத் தேய்வை மிகைப்படப் படித்தலும் கூடாது. பள்ளத்தின் ஆழத்தைக் கொண்டு பயன்பட்ட ஆண்டுகளைக் கணக்கிட இயலாது. கல்லின் வன்மை, பயன்படுத்தியோர் எண்ணிக்கை, இடையில் மட்டப்படுத்திய தடவைகள் ஆகியவற்றால் அது மாறும். அளவீடு சொல்வதை மட்டும் சொல்லவைத்தலே முறை. கல்லின் முகத்தில் நான்கு மூலைகள், நான்கு ஓர நடுப்புள்ளிகள், மையம் என ஒன்பது இடங்களில் கனத்தை அளந்து குறித்தல் எளிய, மீண்டும் சரிபார்க்கத்தக்க பதிவாகும்.

தங்கவயலும் எழுதப்படாத தொழிலும்

கோலார் பகுதியின் பொன் பற்றி 1802இல் ஜான் வாரன் ஆராய்ந்தார். 1873இல் மைக்கேல் லாவெல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880ஐ ஒட்டி ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்றபின் சுரங்கத்தொழில் விரிந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து பெருந்திரளான தொழிலாளர் வந்து குடியேறினர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் மிகுதி. சாம்பியன் ரீப், மாரிக்குப்பம், ஆண்டர்சன்பேட்டை முதலிய பெயர்களோடு தமிழ்வழக்கு கலந்த ஒரு நகரம் உருவாயிற்று. சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று உற்பத்தி நின்றது. சுரங்கத் தொழிலாளர் வரலாற்றை ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அங்கு வெட்டப்பட்டது வெங்கச்சங்கல் பாறையில் கலந்த பொன். உழவர் தீட்டுமரத்தில் தூவும் அதே வகைக் கல்லே தங்கவயலின் பொன்தாங்கும் பாறையும் ஆகும். ஆலையில் அரைபட்ட பாறைத்தூள் சயனைடு மேடுகளாக இன்றும் நிற்கிறது. சுரங்கம் அரைத்ததற்கு மேடு சாட்சி; கணக்கேடுகளும் சாட்சி. தீட்டுக்கல் அரைத்ததற்கு அதன் பள்ளம் ஒன்றே சாட்சி. பொன்னை உரைத்த கல்லில் பொன்கீற்று எஞ்சும். இரும்பைத் தீட்டிய கல்லில் இல்லாமையே எஞ்சும்.

சவரத்தொழிலிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1903இல் விற்பனைக்கு வந்த ஜில்லெட்டின் மாற்றுப்பிளேடு ரேசர் வீட்டுச் சவரத்தை மாற்றியது. கடைச் சவரத்தில் தீட்டும் கத்தி மேலும் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டபின், ஒருவருக்கு ஒரு புதுப்பிளேடு என்னும் விழிப்புணர்வு பரவியது. நலவாழ்வு நோக்கில் அது வரவேற்கத்தக்க மாற்றம். அதன் விளைவாக அடைப்பத்திலிருந்து தீட்டுக்கல் விலகியது. தங்கவயலைப் பொறுத்தவரை, 2001க்குப்பின் வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்குச் சென்று திரும்பும் வாழ்க்கை பலர்க்கு வாய்த்தது. பலர் ஊரையே நீங்கினர். வீடு மாறும்பொழுது முதலில் விடப்படுவது பயன் தெரியாத பழம்பொருள். சுரங்கத்தின் விளக்கும் தலைக்கவசமும் நினைவுப்பொருள்களாகப் போற்றப்படலாம். அச்சமூகத்தோடு வாழ்ந்த பிற கைவினையாளரின் கருவிகளுக்கு அத்தகைய காப்பு தானாக வாய்ப்பதில்லை.

தமிழகத்தில் மருத்துவர் என்னும் பெயராலும் அறியப்படும் இச்சமூகத்தார் சவரத்தோடு அறுவை மருத்துவமும் செய்தனர். அவர்தம் பெண்கள் மருத்துவச்சியராகப் பேறுகாலப் பணி ஆற்றினர். கட்டியைக் கீறிய கத்திக்கும் கூர் தந்தது ஒரு கல்லே. இக்கல்லை வெறும் முகம் மழிக்கும் கருவியின் துணைப்பொருளாகக் கருதுவது அத்தொழிலின் மருத்துவ வரலாற்றையும் சேர்த்து மறப்பதாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

தீட்டுக்கல்லின் நிலை என்பது கல்லில் மட்டும் உள்ள பண்பன்று. அது எவ்வேலைக்கு, எவர் கையில் என்பதைச் சார்ந்தது. மட்டம், அடைப்பு, வெடிப்பு, ஓரம், கனம் என்னும் ஐந்தும் பயன்பாட்டு மதிப்பீட்டின் கூறுகள். அவையே வரலாற்று மதிப்பீட்டிற்கும் தரவுகள். தீர்ப்பு மட்டும் வேறுபடும்.

கல்லைத் தொழிலுக்காகவே வைத்திருப்பவர் அதனை மட்டப்படுத்துதல் முறையே. அது அக்கல்லின் வாழ்வில் இயல்பான ஒரு நிகழ்வு. அதனைத் தடுக்க ஆய்வாளர்க்கு உரிமையில்லை. அருங்காட்சியகத்திற்கோ ஆவணக்காப்பகத்திற்கோ வரும் கல்லை மட்டப்படுத்தலாகாது. அளந்து, படமெடுத்து, வந்தநிலையிலேயே காத்தல் வேண்டும்.

கல்லோடு அதனைப் பயன்படுத்தியவர் கூறும் செய்தியும் பதிவு செய்யப்படவேண்டும். எந்தப் பக்கம் எந்தக் கத்திக்கு, எண்ணெயா நீரா, கல் யாரிடமிருந்து வந்தது என்பனவற்றை எந்த அளவுகோலும் சொல்லாது. இக்கேள்விகளுக்கு விடை தரக்கூடிய முதியோர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. தங்கவயல் போன்ற கலைந்துவரும் குடியிருப்புகளில் கருவிச் சேகரிப்பைவிட இப்பதிவே முதலில் செய்யத்தக்கது.

ஔவையார் உலைக்களத்து வேலின் சிதைவில் வினையைக் கண்டார். தீட்டுக்கல்லின் பள்ளத்தில் அத்தகைய வினையைக் காணும் பார்வை தமிழ்க் கைத்தொழில் வரலாற்றாய்விற்கு இன்று தேவைப்படுகிறது.